ஸ்பிரிங்கைத் தளர்த்தியவர்

சாப்பாட்டு மேஜையில் நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் காரிலிருந்து கழற்றிய அந்தக் காற்று மீட்டரை வைத்திருந்தாள் ஜூடித். பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காய் நறுக்கும் கத்தியும். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வந்து காரத் தூக்கிட்டுப் போறான் அண்ணே. அதுக்கு முந்தி இத மட்டும் கழட்டி வாங்கி வச்சேன். எங் கண்ணு முன்னால தெறங்க. உங்களாலதானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அண்ணே என்றது என் வீட்டுக்காரரை. கிதியோன் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் அளவுக்கருவிகள் பிரிவில் வேலை பார்ப்பவர். ஜூடித்தின் புருஷன் எட்மண்ட் இங்கே ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் இருந்தான். இரண்டு பேரும் செகந்திராபாத் சர்ச்சில் ஒரே பாடகர் குழு. ஃபேக்டரிக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பழைய காரை எட்மண்டிடம் தள்ளிவிட்டுப் போனார். ஸ்டியரிங் இடது பக்கம். கார்புரேட்டரே கிடையாது. உள்ளே போகும் காற்றை இந்த மீட்டர் டப்பா அளந்து சொல்ல, அதற்குத் தகுந்தபடி பெட்ரோல் பீய்ச்சும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் போதும், எஞ்சின் செத்துவிடும். ஊரிலுள்ள மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "நக்கோ சாப்" என்று கைவிரித்துவிட்டு மூடினார்கள். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? டப்பாவைப் பிரித்து, உள்ளே இருந்த பல்சக்கரத்தை நகர்த்தி, ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். காற்றுக்கதவு சுலபமாகத் திறந்து பெட்ரோல் கூடுதலாக வந்தது. அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை.

போன மாதம் நின்றது. மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்பும்போது, நட்ட நடுவில். எதிரே வந்த லாரி எட்மண்ட் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது.

அடக்க ஆராதனை முடிவதற்குள்ளேயே "கிதியோன் கைவச்ச வண்டி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சர்ச் செயலாளர் தேவசகாயம் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருப்பவள் இல்லை. நன்றாகவே திருப்பிக் கொடுத்தேன். ஆனால் இவர் பாடப் போவதை நிறுத்திவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே "எங் கணக்குல தப்பிருக்குமோ லோயிஸ்?" என்பார். அதனால் ஜூடித் கூப்பிட்டனுப்பியதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தான் வைத்த இடத்தை இவர் என் நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு போட்டுக் குறித்திருந்தார். சக்கரத்தில் ஒன்று, டப்பாவில் ஒன்று, இரண்டும் நேர்க்கோட்டில். பாட்டிலைக் காலி பண்ணிவிட்டார் என்று அன்று சண்டை போட்டதே நான்தான்.

இவர் டப்பாவைக் கையில் எடுத்தார். மூடியின் ஓரத்தைப் பார்த்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. இவர் ஒட்டியது வெள்ளைப் பசை. இப்போது இருந்ததோ செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் பசை. நானும் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது எனக்கு. வேறு யாரோ திறந்திருக்கிறார்கள்!

அந்த நேரம் பார்த்துத்தான் ஜூடித் பேசினாள்.

"நான் ஒரு பாவி அண்ணே. இது தண்ணி மாதிரி பெட்ரோல் குடிக்குதுன்னு தெனமும் அவரப் போட்டு உசிர எடுத்தேன். கடசி ஞாயித்துக்கிழம 'உன் தொல்ல இனிமே இருக்காது, மைலேஜ் கூடும் பாரு'ன்னு சொல்லிட்டுப் பின்பக்கம் போனார். எதையாவது நோண்டியிருப்பாரோன்னு நெனச்சா எனக்கு மூச்சே வரல. சொல்லுங்க. அவரா? என் பேச்சாலயா?"

இவர் கத்தியால் மூடியை நெம்பினார். உள்ளே சக்கரத்துக் கோடு டப்பாவின் கோட்டை விட்டு விலகி, ஸ்பிரிங் இறுகும் பக்கமாக மூன்று நான்கு பல் தள்ளி நின்றது. இறுக்கினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் சாகும். ஜெபம் சொல்கிற மாதிரி வீட்டில் இவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"அந்த ரெண்டு செவப்புக் கோடு என்ன?"

"நான் போட்ட அடையாளம்."

"ரெண்டும் சேரலியே?"

"சேராதும்மா. அப்பிடித்தான் வச்சேன்." மூடியைத் திரும்ப அழுத்தினார். "வேற யாரும் தொடல. எங் கணக்குதான் தப்பாப் போச்சு. எட்மண்ட் இதத் தெறக்கவே இல்ல."

"என்னங்க—" என்று ஆரம்பித்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படி அழுத்திப் பிடித்ததில்லை.

ஜூடித் டப்பாவை நியூஸ்பேப்பரோடு சுற்றி ஓரமாக ஒதுக்கினாள். பிறகு "போயிருங்க" என்றாள். நாங்கள் வாசற்படி இறங்கி கேட்டுக்குப் போவதற்குள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நில்லு! கொன்னுட்டு, எங்கூட நின்னு மண்ணும் அள்ளிப் போட்டியேடா! பெரிய எஞ்சினியர் மயிரு! உன்ன யாரு தொடச் சொன்னா?"

குவார்ட்டர்ஸ் கதவுகள் திறந்தன. ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் நின்று, டிஃபன் கேரியரோடு இறங்கியவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இவரைக் கைகாட்டி, "இவந்தான்! இவந்தான்!" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினாள். இவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். உண்மை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள்.

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். கல்லறையில்கூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. படியில் விழுந்து, தலையில் அடித்துக்கொண்டு, புருஷன் பேரைச் சொல்லிச் சொல்லி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். நான் அந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஜுலைகா ஓடிவந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

ஜூடித் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கழுத்து வழியே வழிந்து புடவையெல்லாம் நனைய, மூச்சு விடாமல் அத்தனையும் குடித்துவிட்டு, காலிச் சொம்பை நீட்டி இன்னும் கேட்டாள்.