மேனேஜருக்கு ஒரு வீடு

மேனேஜர் என்பது நாயின் பெயர். மற்றவர்கள் வேலை செய்வதை நாள் முழுக்கப் படுத்தபடியே பார்க்கும். நடுவில் ஒரு தடவை எழுந்து கொட்டாவி விடும். அதனால் வந்த பெயர்.

அதை வளர்த்த கணவனும் மனைவியும் குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். காலி செய்ய ஒன்பது நாள்தான் பாக்கி. அதற்குள் வீடு அமையாவிட்டால் மேனேஜர் நாத்தனார் வீட்டுக் கொல்லையில் சங்கிலியோடு கிடக்க வேண்டும். பத்து வயதாகியும் சங்கிலியைப் பார்த்தறியாத ஜீவன். ஆறு வீடு ஏறி இறங்கியாயிற்று. நாய் என்றதுமே ஆறு முகமும் வேப்பெண்ணெய் குடித்தது போலாகிவிட்டன.

ஏழாவது வீட்டு வாசலில் மனைவி கணவனிடம், "ஏங்க, நீங்க வாயத் திறக்காதீங்க. நான் பேசிக்கறேன்" என்றாள்.

திரைத்துணிக் கடையில் பதினாலு வருஷம் விற்பனை பார்த்தவள். அப்பாவும் மாமன்மாரும் துணி வியாபாரிகள். ஒன்று வேண்டுமென்றால் மூன்று கேட்பது தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாடியில் தனியாக இருந்தார். கீழே இரண்டு அறை, பின்னால் சின்ன முற்றம், அதன் மூலையில் ஒரு துண்டு வெயில். மேனேஜர் படுக்க அது போதும் என்று அவள் கண் அளந்துவிட்டது. முகம் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"சமையலறை சின்னதா இருக்கே."

"ஆமா, சின்னதுதான்" என்றார் டிரைவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒத்துக்கொள்கிற மனிதரிடம் எப்படிப் பேரம் பேசுவது?

"ஐயா, ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். எங்ககிட்ட ஒரு நாய், ஒரு பூனை, ஒரு கிளி இருக்கு."

கணவனுக்குப் புரையேறியது. இல்லாத பூனையும் கிளியும் பேரத்துக்கு. அவர் முடியாது என்பார், இவள் பெருமூச்சு விட்டு அந்த இரண்டையும் விட்டுக்கொடுப்பாள், நாய் தங்கிவிடும்.

டிரைவர் முகம் மலர்ந்தது. "பூனையா? எலி பிடிக்குமா?"

"ரெண்டு தெரு எலிக்கும் அதப் பார்த்தா குலை நடுங்கும்!" வாய் முந்திக்கொண்டது.

"அப்ப முடிச்சுக்கலாம்மா. முன்ன இருந்த ரெண்டு குடும்பமும் எலிக்குப் பயந்துதான் ஓடினாங்க. மூணையும் கூட்டிட்டு வாங்க. முதல்ல பூனைய." இரண்டு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மாமன்மாராக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு, பூனை ஓடிப்போச்சு என்று பிறகு சொல்லியிருப்பார்கள். ஆனால் குட்டு வெளிப்பட்டால் மேனேஜருக்குச் சங்கிலிதான். அதோடு, தன் சமையலறையைச் சின்னது என்று தானே சொன்ன மனிதர். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, பூனை இல்ல."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. எப்பவுமே இல்ல."

"கிளி?"

"அதுவும் இல்ல."

"நாயாவது இருக்கா?"

"இருக்கு சார்" என்று கணவன் வாயைத் திறந்தேவிட்டான். "வண்டில தூங்குது."

"இல்லாதத ஏம்மா சொன்னீங்க?"

"குறைச்சுக்கறதுக்கு."

டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். உங்கள மாதிரி ஆளுங்க துண்டு போட்டு ரெண்டு சீட்டு பிடிப்பாங்க. அப்புறம் ஒண்ண விட்டுக்கொடுத்து நல்ல பேரும் வாங்கிப்பாங்க!" சிரிப்பு நின்றது. "ஆனா எலி நிஜம்மா."

"எங்க கடை குடோன்ல நாலு பூனை இருக்கு. ஒண்ணக் கொண்டுவரேன்."

"நாலு?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஒண்ணு. ஆனா கெட்டிக்காரி."

"நாயும் பூனையும் ஒத்துப்போகுமா?"

"எங்க நாய் எழுந்திரிச்சாத்தானே சார் சண்டை!" என்றான் கணவன்.

டிரைவர் ஒரு சாவியை மட்டும் தள்ளினார். "நாய இன்னிக்கே உள்ள விடுங்க. இன்னொரு சாவி பூனை வந்தப்புறம்."

ரெண்டையும் கொடுத்துடுங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. கணவன் அவள் காலை மிதித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்னதைச் சொன்னபடியே ஏற்றுக்கொண்டு சாவியை எடுத்தாள். கணவன் அதற்குள் மேனேஜரை எழுப்ப வண்டிக்கு ஓடிவிட்டான்.