புளிக்கைக்காரி

ஜாடியைத் திறப்பதற்கு முன் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே அரிசி முணுமுணுத்தால் துவாக் என்கிற அரிசிக் கள் நன்றாக ஊறுகிறது என்று அர்த்தம். நான்காம் நாள் ஜெலியா காதை வைத்தபோது கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. எட்டாம் நாள் காலை ஒன்றுமே கேட்கவில்லை.

மறு காதையும் வைத்துப் பார்த்தாள். மூச்சு பேச்சில்லை. கவாய் அறுவடைத் திருநாளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

போன வருஷமும் இப்படித்தான். வரிசையாக ஏறி வந்த விருந்தாளிகள் அவள் ஊற்றிய துவாக்கை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்கள். முப்பது குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற நீளவீட்டில் ஒரு பட்டப்பெயர் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் அவள் 'புளிக்கைக்காரி' ஆகிவிட்டாள். ராசியில்லாத கை பட்டால் ஜாடி கெட்டுவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். ஜெலியாவும்தான் நம்பினாள். ஒரு வருஷமாக யார் வீட்டு ஜாடிப் பக்கமும் அவள் போகவில்லை. கடைசியில் தலைவரின் மனைவி சுலாவ்தான் மனமிரங்கினாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாருடி. இதுவும் புளிச்சுதுன்னா இனிமே நீ ஜாடியையே தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

அதற்காக ஜெலியா பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! எட்டு நாளாக எலுமிச்சையைத் தொடவில்லை, கருவாட்டைத் தொடவில்லை. மழைத்தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கை கழுவினாள். பக்கத்து அறையில் குடியிருந்த தங்கை ரின்யா அவளுக்கு மேல். "ஜாடிகிட்ட நின்னு புளிங்கிற வார்த்தையைக்கூட எவனும் சொல்லக் கூடாது, நாக்கை அறுத்துடுவேன்" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெலியா ஜாடியின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே பொங்குகிற காற்று வெளியேற வேண்டும் என்று தளர்வாகப் போட்ட கட்டு; இறுக்கினால் ஜாடியே வெடித்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆவி போகும்வரை காத்திருந்தாள். பிறகு கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்த அகப்பையால் கொஞ்சம் மொண்டு நாக்கில் விட்டாள்.

காடியேதான்.

அகப்பையைக் கவிழ்க்கப் போனபோது அதன் அடியில் ஒன்றைப் பார்த்தாள். செம்மண் வண்டல். அவள் ஊற்றியது கொதித்த மழைத்தண்ணீர். மூன்று நாளாகச் செம்மண் கரைத்து ஓடுவது ஆறு. யாரோ துவாக்கை மொண்டுகொண்டு, அளவு குறையாமல் இருக்க ஆற்றுத்தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

ஆனால் முடிச்சு கலையவில்லையே! இடதுகைக்காரியான ஜெலியா இடப்பக்கம் சுற்றிப் போடுகிற முடிச்சு அது. அதைப் போடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி, சின்ன வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே பலகைச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. நெருப்பும் குழம்பும் கைமாறுகிற வழி. ஜெலியா அதைத் திறந்தாள். அந்தப் பக்கம் ரின்யாவின் ஜாடி முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ரின்யா, எத்தனை குடம்டி எடுத்தே?"

ரின்யா முதலில் சிரித்து மழுப்பினாள். அகப்பையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ரெண்டே குடம்தான்க்கா. என்னோடது கெட்டுப்போச்சு. இவரு வீட்டு ஆளுங்க எல்லாம் வர்றாங்க, எந்த முகத்தோட நிப்பேன்?"

"அப்ப என் முகம்?"

ஜெலியாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"போன வருஷமும் நீதானா?"

ரின்யா தரையைப் பார்த்தாள். போன வருஷம் தங்கையின் துவாக்கைக் குடித்துவிட்டு, "உன் கை பொன்னான கைடி" என்று அந்தக் கையை முத்தமிட்டு அழுதது ஜெலியாவுக்கு நினைவு வந்தது. தன் துவாக்கைத் தானே குடித்துவிட்டு அழுதிருக்கிறாள், பைத்தியக்காரி.

"கவாய் அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நானே சொல்லிடறேன்க்கா. சத்தியமா" என்றாள் ரின்யா. ஜெலியா அதையும் நம்பினாள்.

திருநாளன்று கூடம் நிறைந்திருந்தது. ரின்யாவின் ஜாடியிலிருந்து ஒரு கோப்பை குடித்த சுலாவ் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "அடேயப்பா, தேனு! யார் கைடி இது?"

ஜெலியா தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"என் கைதான் அத்தை" என்றாள் ரின்யா.

ஜெலியா எழுந்து போய்த் தன் ஜாடியிலிருந்து ஒரு கோப்பை மொண்டு, அகப்பையும் கையுமாக வந்து அதைத் தங்கையின் முன் நீட்டினாள். நீட்டிய கோப்பையை அங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்துவிட்டுப் போனால் வழியில் பாம்போ முதலையோ காத்திருக்கும் என்பது நம்பிக்கை. விரலால் தொட்டு உதட்டில் வைத்தாலும் போதும்.

"குடிடி. குடிச்சுட்டு யார் கைன்னு சொல்லு."

இப்போதாவது சொல்வாள் என்று ஜெலியா நினைத்தாள். ரின்யா விரலால் தொடவில்லை. அந்தக் காடியை ஆற்று வண்டலோடு அடிவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு சுலாவின் பக்கம் திரும்பினாள்.

"புளிச்சுதான் போச்சு அத்தை. பாவம் அக்கா, அவ கை அப்படி. என்ன பண்றது?"

கூடம் முழுவதும் உச்சுக்கொட்டியது. சுலாவ் தலையை ஆட்டிக்கொண்டே ஜெலியாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள். இனி ஜெலியா வாயைத் திறந்தால், புளிக்கைக்காரி தங்கை மேல் பழி போடுகிறாள் என்பார்கள்.

ஜெலியா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அவற்றில் ஒரு குறையும் இல்லை என்பது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி, விருந்தாளிகளுக்கு அடுத்த கோப்பையை ஊற்றிக்கொண்டிருந்தாள்.