எதுவும் வெளியேறாத வீடு

பார்சல் கவுன்ட்டர்க்காரருக்கு மலச்சிக்கல் முற்றிய மாதத்திலிருந்து, அவர் வீட்டுக்குள் வந்த எதுவும் வெளியே போகவில்லை. முதலில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தொட்டியிலேயே நின்றது. பிறகு அடுப்புப் புகை ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தது. வாசலைத் தாண்ட முடிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், குப்பையை ஆபீஸ் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துப்போனார். இரண்டு நாள் தங்க வந்த மைத்துனர் எட்டு மாதமாகியும் கிளம்பவில்லை. மைத்துனர்கள் அப்படித்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனைவிக்கு வெளியே போகும்படியான வேலை எதுவும் வாய்த்ததே இல்லை. ஆகவே அவருக்கும் தெரியாது.

காரணம் சாதாரணமானது. அந்த அலுவலகத்தில் ஆள் எழுந்துபோனால் கண்ணாடியில் 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதைத் திருப்பியதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை. தினமும் பதினோரு மணிக்கு வயிறு கூப்பிடும், 'வரிசை முடியட்டும்' என்பார். வரிசை முடிந்ததில்லை. எழ வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதை விட்டார். மைதா ரொட்டி, பிஸ்கட், டீ என்று பொழுது போனது. மரியாதை தெரிந்த வயிறு, ஒருநாள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது.

விடுதியில் படிப்பை முடித்து வந்த மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. இருபத்திரண்டு நாளில் சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒத்திகைபோலப் பெட்டியோடு வாசலைத் தாண்டினாள். அடுத்த காலடி சமையலறையில் விழுந்தது. நான்கு முறை முயன்றுவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, பொண்ணு வெளிய போக முடியலையாம்," என்றார் மனைவி.

"எனக்குந்தான்," என்றார் அவர்.

அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. மைத்துனர் வைத்தியம் சொன்னார். "நார்ச்சத்து மாமா. கோதுமைத் தவிடு. அள்ளிப் போட்டுக்குங்க, பிச்சுக்கிட்டுப் போகும்." அவரும் ஒரு வாரம் வேளைக்கு ஒரு கிண்ணம், தண்ணீரே இல்லாமல், மரத்தூள் மெல்லுவதுபோல மென்றார். வயிறு கல்லானது. வீட்டில் தும்மல்கூட மூக்கைவிட்டு வெளியே வரவில்லை. சொல்ல வந்த பேச்சு வாயிலேயே தங்கியது. நால்வரும் சாப்பிட்டார்கள், படுத்தார்கள். யாருக்கும் பெரிதாக வருத்தமாகவும் இல்லை.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "தண்ணி இல்லாம தவிடு தின்னா சிமென்ட்டுதான் சார். கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. கீரை, பீன்ஸ், தோலோட கொய்யா, பப்பாளி, தவிடு நீக்காத மாவு. ஒரு நாளைக்கு எட்டு தம்ளர் தண்ணி. நடக்கணும். முக்கியமா, வந்தா உடனே போயிடணும்."

"வரிசை நிக்குமே."

"அது நிக்கட்டும், நீங்க போங்க."

மற்றதெல்லாம் சுலபமாக இருந்தது. பத்து நாள் பப்பாளியும் கீரையும் தின்றார்; கவுன்ட்டரில் பாட்டில் தண்ணீர் வைத்தார். மகள் வேலையில் சேர ஒருநாள் பாக்கி இருந்தபோது, பதினொன்று பத்துக்கு வயிறு மெதுவாகக் கூப்பிட்டது, நெடுநாள் பேசாத உறவினர்போல. எதிரே பதினான்கு பேர். "என் பார்சல் அவசரம் சார்," என்றார் முதல் ஆள். அவர் அந்த முகத்தைப் பார்த்தார், மகளின் பெட்டியை நினைத்தார். பலகையைத் திருப்பினார். பின்பக்கம் அச்சு மங்காமல் புதிதாக இருந்தது.

இருபது நிமிடம் கழித்து வந்தபோது பதினான்கு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை. அவருக்கு அது லேசான அவமானமாக இருந்தது.

போன் அடித்தது. "அப்பா, பஸ் ஏறிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போக நிக்கல. கதவு மறுபடி மூடிக்குமோன்னு பயம்."

"நல்லதும்மா. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"பழம் ஏதாவது வாங்கிக்க," என்று சொல்லிவிட்டு, அவசரப் பார்சலை எடை போட்டார்.

அதன்பின் அந்தக் குடும்பத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், டிக்கெட் எடுப்பதற்கு முன்பு அவருக்குக் காலையில் போயாயிற்றா என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. இல்லை என்றால் மறுநாள் பஸ்ஸில் போவார்கள்.