வாரம் ஒரு விநாடி

சட்டைத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். நூறு சட்டையின் காலரும் தாளில் ஒரே அளவாக இருந்தால், யாரோ அளக்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நிஜ அளவு கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்.

அதனால்தான் ஏழாவது வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த என் ஓட்டக் கணக்குத் தாளைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. நானூறு மீட்டரை எழுபத்தைந்து விநாடியில் ஓடினால் தொழிற்சாலை அணியில் இடம் கிடைக்கும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், இதை விட்டால் இல்லை. எண்பத்து நான்கில் இருந்த நான் வாரம் ஒரு விநாடி குறைப்பது என்று ஒன்பது கட்டம் போட்டு ஒட்டியிருந்தேன். முதல் வாரம் தவறியது. பிறகு ஆறு கட்டத்திலும் இலக்கு எதுவோ, அதே நேரம். என் உடம்பு அவ்வளவு சொல்பேச்சு கேட்கிற உடம்பில்லை.

ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் என் வீட்டுக்காரர். யோசித்துப் பார்த்தால், நேரம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எட்டாவது வாரம், கடைசி வளைவில் வேண்டுமென்றே காலைத் தளர்த்தினேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டாதது அவருடைய பெருந்தன்மை. கோட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தபடி, “எழுபத்தாறு” என்றார்.

“கடைசியில நான் நடந்துதாங்க வந்தேன்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதல் வாரம் இலக்கு தவறிய அன்று நான் பாத்திரங்களை உருட்டியதையும், மகள் பயந்துபோய் அறைக்குள்ளேயே சாப்பிட்டதையும் சொன்னார். அதற்குப் பிறகு நிஜத்தைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லையாம்.

உண்மையான நேரங்களைப் போனில் ஒளித்து வைத்திருந்தார். எண்பத்தைந்து, எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பது, எண்பது. முன்னே பின்னே இருந்தது. பார்த்ததுமே அளந்து எழுதியது என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அணித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

என் ஓட்டத்தில் என்ன தப்பு என்று கேட்டேன்.

“கடைசி வளைவுல தோளைத் தூக்கிடுற. முதல் நாள்லேருந்தே.”

“ஏன் சொல்லலை?”

“நீ இலக்கைத் தொட்டுட்டன்னு சொல்லிட்டு, அப்புறம் எப்படித் தப்பைச் சொல்றது?”

எட்டு வாரம் நான் அந்தத் தோளோடுதான் ஓடியிருக்கிறேன். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது.

அன்றே தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் விநாடிக் கணக்கு எதுவும் போடாமல், ‘தோளை இறக்கு’ என்று மட்டும் எழுதி ஒட்டினேன். பன்னிரண்டு நாளில் எழுபத்தைந்து வராது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஓடி முடித்ததும் அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, “எழுபத்தொன்பதரை” என்றார்.

அந்த அரையைக் கேட்டதும் நம்பினேன்.