இருபதாவது தோட்டா

அன்று காலை இக்னேஷியஸ் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, மனைவி ரேச்சலின் ஸ்டேப்ளரைச் சரிசெய்தது. ராயபுரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் அவள் எழுத்தர். சிக்கிய பின்னைச் சேலை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து அவர் அதை வாங்கினார்.

"மொதல்ல பின் இருக்கிற டிரேவை வெளிய இஸ்துடு. அப்பறமா மூக்காண்ட கை வெய்யி. மாத்தி செஞ்சின்னா, சிக்குனது போன எடத்துல அடுத்தது வந்து குந்திக்கும்."

"ஸ்டேப்ளருக்குமா பரேடு?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய ரசீதில் இரண்டு முறை அடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எண்ணூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மதியம் இரண்டரைக்கு போன் வந்தது.

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு எண்ணூர் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கின் காவல் படையில் ஆயுத அறை அவர் பொறுப்பு. அன்று ஷிப்டு மாறும்போது காவலர் கஸ்பார் தன் துப்பாக்கியைக் காலி செய்கையில் அது வெடித்துவிட்டது. குழலை நீட்டிக் காலி செய்வதற்கென்று வைத்திருந்த மணல் பெட்டியோரம் இருந்த இக்னேஷியஸ் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தார்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், விசாரணை அதிகாரி சுப்பராயன் ரேச்சலை அழைத்தார். அறிக்கை தயார், கையெழுத்துக்கு முன்னால் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுவது முறை என்றார். கஸ்பாரும் சுவரோரம் நின்றிருந்தான்.

தோட்டாக்கள் அடுக்கிய மேகஸினைக் கழற்றியதும், பின்னால் இழுத்துவிடும் போல்ட்டைத் தொடும் முன்பே, விரல் படாமல் துப்பாக்கி தானாக வெடித்தது என்று கஸ்பார் சொல்லியிருந்தான். ஆகவே விசைப் பகுதி தேய்ந்திருக்க வேண்டும். அதைக் கவனிக்காதது ஆயுத அறைப் பொறுப்பாளரின் தவறு. 'இறந்தவரின் பராமரிப்புக் குறையே காரணம்' என்று முடித்திருந்தார்கள். சாயங்காலம் அது தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அதன்பிறகு யாரும் அந்தக் கோப்பைத் திறக்கப்போவதில்லை.

ரேச்சல் அழவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்த பொருள் பட்டியலை மறுபடி படிக்கச் சொன்னாள். மேகஸினில் பதினெட்டுத் தோட்டா. தரையில் வெடித்த காலி உறை ஒன்று. இறந்தவரின் வலது உள்ளங்கையில் வெடிக்காத தோட்டா ஒன்று.

"அவர் கையில இருந்தது எங்கிருந்து வந்தது சார்?"

ஆயுத அறையிலிருந்து எடுத்து வந்திருப்பார் என்றார் சுப்பராயன்.

ரேச்சலுக்கு ஒரு ரயில் பயணம் நினைவுக்கு வந்தது. பேசின் பிரிட்ஜுக்கு வெளியே சிக்னலுக்காக முக்கால் மணி நேரம் நின்ற வண்டியில், பொழுது போகட்டும் என்று அவள்தான் கேட்டாள்: ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்காமல் அடுத்த தோட்டா எப்படி வருகிறது?

மற்றவர்கள் என்றால் உனக்கு எதற்கு என்றிருப்பார்கள். இக்னேஷியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெடித்த புகை எல்லாம் குண்டோடு வெளியே போய்விடாது. குழலின் மேலே சின்னதாக ஓர் ஓட்டை. குக்கர் ஆவி வெயிட்டைத் தூக்குவதுபோல, அதன் வழியாகத் திரும்பும் புகை ஒரு தண்டைத் தள்ளும். தண்டு போல்ட்டைப் பின்னால் தள்ளும். போகிற போக்கில் போல்ட் காலி உறையை இழுத்து வெளியே எறியும். பின்னாலிருக்கும் ஸ்பிரிங் போல்ட்டைத் திரும்பத் தள்ள, அது வரும் வழியில் மேகஸினின் மேல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலின் அடியிலுள்ள அறையில் அடைத்துப் பூட்டும். விசையிலிருந்து விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் அடுத்தது வெடிக்கும். போல்ட்டைக் கையால் இழுத்துவிட்டாலும் இதே கதைதான். மேகஸின் இருக்கும்வரை அது வெறுங்கையோடு திரும்பாது.

எதிர் சீட்டில் மீன் கூடையோடு இருந்த குப்பம்மா என்ற காசிமேட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொஞ்சாதியாண்ட பேசுற பேச்சாய்யா இது? எறங்குனதும் ரெண்டு மொழம் பூ வாங்கிக் குடு" என்றாள். வண்டியே சிரித்தது. இக்னேஷியஸ் மூன்று முழமாக வாங்கினார்.

ரேச்சல் அதிகாரியின் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரைக் கேட்டு வாங்கினாள். அதன் வாயைத் திறந்து பின் வரிசையைக் காட்டினாள்.

"மேகஸின்ல இருபது போடுவீங்க. பதினெட்டு, காலி உறை ஒண்ணு, அவர் கையில ஒண்ணு. இருபது சரியாப் போச்சு. அப்போ அவர் கையில இருந்ததும் இதே துப்பாக்கியில இருந்து வந்ததுதான். வெடிக்காத தோட்டா போல்ட்டை இழுத்தாத்தான் வெளிய விழும். போல்ட்டையே தொடலன்னு எழுதியிருக்கு."

சுப்பராயன் பேனாவை மூடினார்.

"கீழ விழுந்ததை அவர் கையில எடுத்த பிறகுதான் இன்னொண்ணு வெடிச்சிருக்கு. மேகஸினை முன்னாடியே கழட்டியிருந்தா, அந்த ரெண்டாவது எங்கேருந்து வரும் சார்?"

அவள் கஸ்பாரைப் பார்க்கவில்லை. அவன்தான் சுவரிலிருந்து விலகி வந்தான்.

"அக்கா, நான்தான்க்கா மொதல்ல போல்ட்டை இஸ்துட்டேன். அப்பறந்தான் மேகஸினைக் கயட்டுனேன். உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சு அமுக்கிட்டேன். அண்ணன் ரிஜிஸ்டர் எய்திகினு இருந்தாரு. கீய வுயுந்த சத்தம் கேட்டு அதை எடுக்கக் குனிஞ்சாரு. துப்பாக்கி மேல தப்பே இல்ல. அண்ணன் கை பட்டது எப்டிக்கா கெட்டுப்போவும்?"

சுப்பராயன் அறிக்கையின் கடைசித் தாளை உருவி, குறுக்கே கோடு போட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். கஸ்பாரை உட்காரச் சொன்னார்.

ரேச்சல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கஸ்பார் வந்தான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றான். அவனைத் திட்ட அவள் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. ஆனால் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ஒரு விதவை ஸ்டேப்ளரைக் காட்டி ஏதோ சொன்னாள் என்றுகூட முடிந்திருக்கலாம்.

"உன் வாயாலயே சொன்ன. நல்லா இரு தம்பி" என்றாள். அவன் அழுதான். அவளும் அப்போதுதான் அழுதாள்.

பஸ்ஸில் திருவொற்றியூர் வரும்வரை அவள் அந்த ரயிலையே நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்லும் மனிதனோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்திருக்கிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொன்னாள். இத்தனை நாளில் அதைச் சொல்ல வாய் வந்தது அன்றுதான்.

மறுநாள் பள்ளியில் சான்றிதழ் நகல்கள் குவிந்து கிடந்தன. மாலைவரை தைத்தாள். ஸ்டேப்ளர் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அழுத்தினால் ஒன்று, கையை எடுத்து மறுபடி அழுத்தினால் அடுத்தது.