பக்கத்தில் அமுங்கும் மெத்தை

புறநோயாளிகள் பிரிவின் புதுக் காத்திருப்புக் கூடம் திறந்த மூன்றாம் வாரத்தில், தனியாக வந்தவர்களின் பக்கத்தில் இருக்கை மெத்தை தானாகவே அமுங்கத் தொடங்கியது. யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி பள்ளம் விழும். தொட்டால் இளஞ்சூடு இருக்கும். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு நோயாளி எழுந்ததும் மெத்தை உப்பிப் பழையபடி ஆகிவிடும். தையல்காரிக்கு வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்தான். கணக்கு வாத்தியாருக்கு, வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன தம்பி வந்தார். வந்தது யாரென்று அவரவருக்குத் தெரிந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மாள் பள்ளத்துக்கு முன்னால் துடைப்பத்தோடு நின்று, "கொஞ்சம் காலைத் தூக்கிக்கோங்க" என்பாள். நிர்வாகம் மெத்தை விற்றவருக்கு ஒரு புகார் அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துவிட்டது.

கூடத்தை வரைந்த கட்டடக் கலைஞருக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பழைய கூடமும் அவர் கைவரிசைதான். யாரும் படுத்துவிடக் கூடாதென்று நாற்காலிக்கு நாற்காலி இரும்புக் கைப்பிடி வைத்து, எல்லோரும் கவுன்ட்டரையே வெறித்துக்கொண்டிருக்கும்படி வரிசை போட்டிருந்தார். அதற்குப் பாராட்டு வேறு கிடைத்தது. பிறகு அவர் மனைவியே வாராவாரம் சிகிச்சைக்குப் போய் அங்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் ஒருநாளும் கூடப் போனதில்லை. வேலை தலைக்கு மேல் இருந்தது. "நீங்க வந்தும் என்ன பிரயோஜனம்? கையப் பிடிச்சுக்கலாம்னா நடுவுல உங்க இரும்பு இடிக்கும்" என்று அவள் சிரித்தாள். அடுத்த மழைக்காலத்தில் அவள் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ஜன்னலைப் பார்த்த நீள இருக்கைகளையும், அழுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலையையும் வரைந்தார். கட்டி முடித்த பின்னும் ஏதாவது சாக்குச் சொல்லித் தினம் வந்தார். அளவு நாடாவும் கையுமாக உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பக்கத்தைப் பார்ப்பார். மெத்தை அசையாது. ஊருக்கெல்லாம் ஆள் வருகிறது, இவளுக்கு மட்டும் என்ன கோபம் என்று மனம் வெந்தது. ஒரே ஒரு தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"சார், நீங்க மேற்பார்வைக்குல்ல வந்து உட்கார்றீங்க? இது காத்திருக்கிறவங்க இடம்" என்றாள் டோக்கன் கொடுக்கும் நர்ஸ்.

"எனக்கு ஒரு நோயும் இல்லையேம்மா."

"ராத்திரி தூங்குறீங்களா?"

அவர் டோக்கனை வாங்கிக்கொண்டார்.

அன்று நாடா பையிலேயே கிடந்தது. வெகுநேரம் கழித்து இடப்பக்கம் மெத்தை மெல்ல அமுங்கியது. அவளுடைய கனம் அவருக்குத் தெரியாதா? திரும்பினால் போய்விடுவாளோ என்று பயந்து, கையை மட்டும் நகர்த்தி வைத்தார். அதன் மேல் சூடு வந்து படிந்தது. வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தால் மெத்தை உப்பிவிடுமே என்று அவர் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களெல்லாம் மருந்துச் சீட்டோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசியில் டாக்டரே அறையை விட்டு வெளியே வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, "எவ்வளவு நாளா தூக்கம் இல்ல?" என்று கேட்டார்.

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு டாக்டர், இவளைக் கேளுங்க."

டாக்டர் பள்ளத்தின் பக்கம் திரும்பி, "சொல்லுங்கம்மா" என்றார்.