இரண்டாவது மனு

செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் தேவிகாவின் விரல் சட்டென்று நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த சித்ரா எட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்காக ஏற்கெனவே ஒரு ஆட்கொணர்வு மனு போட்டிருக்காங்களே. போட்டு, தள்ளுபடியும் ஆயிருச்சு."

"யாரு மேடம் போட்டா?"

"கருப்பம்மாள்னு இருக்கு."

கருப்பம்மாள் சித்ராவின் மாமியார். சொந்த ஊர் வலையபட்டியை விட்டால் காரைக்குடி. அதற்கு அப்பால் பஸ் ஏறாத மனுஷி. அவள் மதுரை ஐகோர்ட்டில் மனுப் போட்டாளாம்!

சித்ராவின் புருஷன் சேவுகப்பெருமாள் ஜெயிலுக்கு உள்ளே போய் நாலு மாதம். கண்மாய் மண்ணை அள்ளிய டிப்பர் லாரிகளை மறித்து நின்றதுதான் அவன் செய்த தப்பு. மூணு கேஸைச் சேர்த்துக் கட்டி, குண்டர் சட்டத்தில் ஒரு வருஷத்துக்கு அடைத்துவிட்டார்கள். ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. மிச்சமிருந்த வழி இந்த மனு ஒன்றுதான். எதற்காக அடைத்தோம் என்று காட்ட அவனிடம் கொடுத்த ஆவணப் புத்தகத்தில் நாலு பக்கம் ஒரே கறுப்பு, ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாது. படிக்க முடியாத நகலைக் கொடுத்தால் அடைத்த உத்தரவு செல்லாது, அது ஒன்றே போதும், ஆளை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று சித்ரா முதல் தடவை வந்தபோது தேவிகா தெம்பாகச் சொல்லியிருந்தாள்.

சித்ராவுக்கு அவசரம். போன வாரம் ஜெயிலிலிருந்து போனில் பேசியபோது சேவுகனின் குரல் இறங்கியிருந்தது. "என் பிளாக்குக்கு மண் காண்ட்ராக்டர் ஆளு ஒருத்தன் மாறி வந்திருக்கான். ஒண்ணும் பேசல. சாப்பிடும்போது எதுக்க உக்காந்து சிரிக்கிறான். அம்மாகிட்டச் சொல்லிராத. யாருகிட்டயும் சொல்லாத." லாரிக்கு முன்னால் போய் நின்றவன் இப்படிப் பேசுகிறானே என்று அவள் அரண்டு போனாள். தேவிகாவைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தேவிகா கோர்ட் உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த வக்கீலும் இதே நாலு பக்கத்தைத்தான் சொல்லியிருக்காரு. ஆனா புத்தகத்தைக் கோர்ட்டுல காட்டவே இல்ல. தெளிவான நகல்தான் கொடுத்தோம்னு அரசுத் தரப்புல சொன்னதும் பேசாம உக்காந்துட்டாரு. ஒரு காரணத்தைச் சொல்லித் தோத்துட்டா, அதே காரணத்தோட திரும்ப வரமுடியாது சித்ரா. புதுசா ஏதாச்சும் இருக்கணும்."

"யாரோ தோத்ததுக்கு அவுக உள்ள கெடக்கணுமா மேடம்?"

தேவிகா உத்தரவை மறுபடி ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். "உங்க மாமியார்கிட்ட யாராச்சும் ஏமாத்திக் கைநாட்டு வாங்கியிருந்தா, அதை அவங்களே சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கட்டும். அதை வெச்சு மறுபடி கேட்டுப் பாக்குறேன்" என்றாள்.

காரைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே பைக்கில் உடையப்பன். சேவுகனின் கூடப்பிறந்த அண்ணன். தம்பி உள்ளே போன மறுமாதமே இவன் வீட்டு வாசலில் ஒரு புது டிப்பர் வந்து நின்றது. எல்லாம் சாமி கொடுத்தது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"என்னாத்தா, மதுரையில வெயில் எப்படி?" என்று கேட்டான், சிரித்த முகமாக. மதுரைக்குப் போவதைப் பற்றி அவள் ஊரில் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியாரிடம் கேட்டாள். "அத்தை, எதுலயாச்சும் கைநாட்டு வெச்சீகளா?"

"பெரியவன்தான் ஒரு தாளக் கொண்டாந்தான். தம்பியப் பாக்க உள்ள விடணும்னா இதுல வைக்கணும்னான். வெச்சேன். இன்னைக்கு வரைக்கும் கூட்டிட்டுத்தான் போகல."

அந்தத் தாளை வைத்தே மனுவைப் போட்டு, வேண்டுமென்றே தோற்கவிட்டிருக்கிறார்கள் என்று சித்ரா சொன்னதும் கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! எந்தத் தாளுல வேணும்னாலும் வைக்கிறேன் ஆத்தா. எம்புள்ள வந்தாப் போதும்."

மூன்றாம் நாள் தேவிகா அனுப்பிய பிரமாணப் பத்திரம் வந்தது. கொத்தமங்கலத்தில் பழைய வீடொன்றை ஓட்டலாக்கி நடத்துகிறார்கள். சித்ராவுக்கு அங்கேதான் வேலை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கிழவியைக் காரைக்குடி நோட்டரியிடம் கூட்டிப் போக ஆட்டோவோடு வந்தாள். கருப்பம்மாள் கைகள் இரண்டையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்புங்க அத்தை, ஆட்டோ நிக்குது."

"நான் வரல."

சித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மகனைக் காப்பாற்றப் பார்க்கிறாள், சின்னவன் எக்கேடு கெட்டால் என்ன என்று இருக்கிறாள்! புருஷனுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அந்த ஆத்திரத்தில் பறந்துவிட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. அங்க அவுக பக்கத்துலயே ஒருத்தன்..."

"சாப்பிடும்போது எதுக்க உக்காந்து சிரிக்கிறானாம்ல" என்றாள் கருப்பம்மாள்.

சித்ரா அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "யாரு சொன்னா?"

"பெரியவன். நேத்து வந்தான். எங்காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் சொன்னான். நான் ரேகை வைக்காத வரைக்கும் அவன் சிரிக்க மட்டும்தான் செய்வானாம்."

தேவிகா கேட்ட புதுக் காரணம் இந்த மிரட்டலிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதை எழுதிக் கோர்ட்டில் கொடுத்தால், நீதிபதி படிப்பதற்கு முன்னால் அந்தச் சேதி ஜெயிலுக்குள் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறவனிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சித்ரா வெளியே போய், இன்றைக்கு வேண்டாம் அண்ணே என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.